நீர் பட்டது

கோயம்புத்தூர்க்காரர் போனில் கேட்டது
ஒரே கேள்வி:
"தண்ணி பட்டுச்சா மேடம்?"
பதில் சொல்லாமல்
சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.
குகையில் என் மொட்டைமாடியில்
நான்கு கட்டை சிக்னல் இருந்தது.

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ரைட்டர்
வீட்டைக் காலி செய்தபோது
செருப்புப் பெட்டியோடு வாங்கியவை:
பபிள்கம் பொட்டலத்துக்குள் வந்த
நூற்றுப் பதினேழு கிரிக்கெட் அட்டைகள்.
அதில் ஒருவன்
இடதுகைச் சுழற்பந்துக்காரன்,
மூன்றே டெஸ்ட் ஆடியவன்,
யாருக்கும் நினைவில்லாததாலேயே விலை ஏறியவன்.
கன்னத்தில் பழுப்பாய் ஒரு பொட்டு.

மச்சமா, மிட்டாய்ப் பிசுக்கா?
பூதக்கண்ணாடிக்கும் தெரியவில்லை.

முதலில் வேறொரு விக்கெட் கீப்பர் மேல்
எங்கள் போர் தண்ணீரை முயன்றேன்.
அழுக்குப் போனது.
காய்ந்ததும் அவர் தொப்பியைச் சுற்றி
வெள்ளையாய் ஒரு வளையம்.
வெள்ளைக்கல் குன்றின் அடியில் ஊறி வந்த தண்ணீர்
எதையாவது வைத்துவிட்டுத்தான் போகும்.
அப்புறம்தான்
பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கினேன்,
ஐந்து ரோட்டில், லிட்டர் இருபது ரூபாய்.
காது குடையும் பஞ்சுக் குச்சி.
ஒரு சொட்டு. ஒரு உருட்டு.
மச்சம் இல்லை. மிட்டாய்.

"கை வெச்சா வெச்சதுதான்" என்றான்
மொபைல் கடை முனவ்வர்.
"ஊதிவிட்டாக்கூட தப்பு."
"அப்போ தூசி படிஞ்சா?"
"அது அதுவா படியுது."
ஹஸ்தம்பட்டி இருதயராஜ் சாருக்கு
சோப்புதான் பாவம், தண்ணீர் ஞானஸ்நானம்.
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்,
என்னை விற்கச் சொன்னார்,
ஆனால் அவர் வாங்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் கோதண்டத்திடம்
கொலுசு எடைபோடும் தராசு இருக்கிறது.
வெள்ளியை எப்படிக் கழுவினாலும்
கொஞ்சம் குறையும் என்பார்,
குறைந்ததற்குக் கணக்கும் சொல்வார்.
கழுவுவதற்கு முன்பே எடை பார்த்திருக்க வேண்டியது.
கழுவிய பிறகு வைத்தேன்.
ஒன்று புள்ளி ஒன்பது பூஜ்யம் இரண்டு.
ஃபேன் சுற்றி வந்தது, நான்கு.
போனது, ஒன்று.
"எதோட ஒப்பிடணும்?" என்றார்.
என்னிடம் இல்லை.

மலையில் முப்பது வருடம்
மூடுபனி ஜன்னல் வழியாக நுழைந்து
அட்டையின் நான்கு ஓரத்தையும் நக்கியிருக்கிறது.
மூலைகள் உப்பிப் பிரிந்து நிற்கின்றன.
அதுவும் தண்ணீர்தான்.
அதற்குப் பேர் வயசு,
மதிப்பெண்ணில் கொஞ்சம் கழிப்பார்கள், அவ்வளவே.
கை இல்லாத தண்ணீருக்கு மட்டும் மன்னிப்பு.

பின்பக்கம் பென்சிலில் யாரோ எழுதியிருந்தது:
ஜெரோமுக்கு 2 தரணும்.
அதை மட்டும் தொடவில்லை.
அழுக்குக்கும் எழுத்துக்கும் நடுவில்
எல்லை எங்கே என்று
தெரிந்தவள் மாதிரி.
அந்தப் பொட்டும் ஒருவேளை
ஜெரோமின் வாயிலிருந்து வந்ததாக இருக்கலாம்,
கடன் கேட்டுக் கத்தியபோது.
தெரியாது.
தெரியாததைத்தான் துடைத்தேன்.

ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டேன்.
"பட்டுச்சு. ஒரு சொட்டு. பேட்டரித் தண்ணி."
அந்தப் பக்கம் நாய் குரைத்தது.
பிறகு, "ஆயிரத்து முந்நூறு குறைச்சுக்கிறேன்."
சரி என்றேன்,
சண்டை போடத் தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம்
வாயிலேயே நின்றன.

காலையில் பார்சல் கட்டினேன்.
உறைக்குள் அட்டை.
இன்னொரு சின்னப் பையில்
பழுப்பேறிய பஞ்சுக் குச்சி.
ஸ்பீடு போஸ்ட் கவுண்டரில் கேட்டார்கள்,
உள்ளே என்ன?

அட்டை ஒன்று, என்று எழுதினேன்.
இரண்டு பகுதிகளாக.